ஷூவைத் தட்டிப் போட்டவர்

ஷூவைக் கவிழ்த்து ரெண்டு தட்டுத் தட்டாமல் அவர் காலை உள்ளே விட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. எங்கள் ஜவுளிக்கடையில் மாடிப்படிக்குக் கீழேதான் எல்லோருடைய செருப்பும் கிடக்கும். வேலை முடிந்து இறங்கி வருவார். முதுகில் மருந்து டேங்க், கையில் டார்ச். வலது ஷூவை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துச் சுவரில் டொக் டொக். அப்புறம் இடது ஷூ, டொக் டொக். உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கால் உள்ளே போகும். வாசலுக்கு வெளியே சிராங்கூன் ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருக்கும். இவர் என்னவோ நடுக்காட்டில் நிற்கிற மாதிரி நிற்பார்.

"அண்ணே, சிங்கப்பூர்ல ஏதுண்ணே தேளு?" என்று நான் சீண்டுவேன்.

"இல்லதான். பாத்துட்டுப் போட்டா காலு தேஞ்சா போயிரும்?" என்பார்.

குவைத்தில் பதினாலு வருஷம் பூச்சி மருந்து அடித்துவிட்டு இங்கே வந்தவர். அதனால் எங்களுக்கு அவர் குவைத்தண்ணன். சட்டைப் பையின் மேல் அவர் பெயரைத் தைத்திருந்தார்கள். மாதாமாதம் பார்த்த பெயர்தான், இப்போது எவ்வளவு யோசித்தாலும் வர மாட்டேன் என்கிறது. என் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்த மனுஷன் பெயரையே மறந்திருக்கிறேன் பாருங்கள், என்னை எதால் அடிப்பது?

நான் அந்தக் கடையில் பட்டுப்புடவை ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்தேன். ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள். பொய் சொல்வானேன், நீளம்தான். அந்த வாயையே ஒருத்தர் அடைக்க முடியும் என்றால் அது குவைத்தண்ணன்தான். அதுவும் கோபித்து அடைக்க மாட்டார், கேள்வி கேட்டே அடைத்துவிடுவார்.

மாதம் ஒரு தடவை, ஒரு சனிக்கிழமை காலையில், அவருடைய கம்பெனி அவரை எங்கள் கடைக்கு அனுப்பும். மற்ற ஆட்கள் வந்தால் மூலைக்கு மூலை சர்ர் என்று அடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். இவர் டேங்கை இறக்கிச் சுவரோரமாக வைத்துவிட்டு, பையிலிருந்து மூன்று சாமான்களை எடுப்பார். நகைக்கடையில் கல் பார்க்கக் கண்ணில் வைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரிச் சின்ன லென்ஸ் ஒன்று. செல்லோடேப் ஒன்று. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்று. செத்த பூச்சி, கால், றெக்கை, எது கிடைத்தாலும் டேப்பில் ஒற்றி நோட்டில் ஒட்டி, பக்கத்தில் கடை பெயரையும் இடத்தையும் எழுதிக்கொள்வார். அவர் சூப்பர்வைசர் போனில் கத்துவது எங்களுக்கே கேட்கும். மற்றவன் ஆறு கடை முடித்துவிட்டான், நீ இன்னும் ரெண்டாவது கடையிலேயே நிற்கிறாயா என்று. இவர் "ஆச்சு சார், ஆச்சு சார்" என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருப்பார்.

"ஆளு யாருன்னு தெரியாம மருந்து கிடையாது." இதுதான் அவர் வேதம்.

ஒரு தடவை நாங்கள் டீ போடுகிற பேன்ட்ரியில் கரப்பான் ஓடியது. நான் செருப்பை எடுத்து வந்து போட்டேன் ஒரு போடு. அவர் ஐயோ என்று கத்தினார்.

"அட என்னம்மா நீங்க! கூழாக்கிட்டீங்களே. இனி இவன் யாருன்னு நான் எங்க போய்க் கேப்பேன்?"

"கரப்பான்தான். வேற யாரு, கவர்னரா?"

"எவ்வளவு பெருசு? என்ன கலரு?"

கட்டைவிரலைக் காட்டினேன். செவப்பு என்றேன். அவர் ஃபிரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்தி, பின்னாலிருந்து இன்னொன்றை டேப்பில் ஒற்றி எடுத்து என் கண்ணுக்கு நேரே நீட்டினார். அது பொடிசு. கழுத்துக்குக் கீழே ரெண்டு கறுப்புக் கோடு.

"இவன் குடும்பஸ்தன்மா. ஃபிரிட்ஜ் மோட்டார் சூட்டுல பொண்டாட்டி பிள்ளையோட குடித்தனம் பண்றான். சர்ருன்னு மருந்து அடிச்சீங்க, பயந்து சிதறிப் போயி நாலு மூலையில நாலு வீடு கட்டுவான். இவனுக்குச் சாப்பாட்டுலதான் வெக்கணும். நீங்க அடிச்சீங்களே, அவன் சாக்கடையிலேர்ந்து ஏறி வந்த விருந்தாளி. அவனுக்குக் கதவச் சாத்தினாப் போதும். ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம் பண்ணா எப்படி?"

அரிசி அளவுக்கு ஒரு பசையை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் அங்கங்கே பொட்டு வைத்தார். தரையில் தண்ணீர் போகிற குழிக்குச் சின்ன வலைமூடி போட்டார். அவ்வளவுதான். அடுத்த மாதம் அவர் வந்தபோது காட்டுவதற்கு ஒரு கரப்பான்கூட இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

நாங்கள் சாப்பிடுகிற நேரத்துக்கு வந்தால் எங்களோடு உட்கார்ந்துவிடுவார். டீயில் சர்க்கரை போட்டுக்கொள்ள மாட்டார், சிந்தினால் எறும்புக்குச் சொல்லி அனுப்பியது போலாகும் என்பார். குவைத் கதை அப்போதுதான் வரும். எனக்குப் பிடித்தது அந்தத் தேள் வீடு.

பாலைவனத்தை ஒட்டி ஒரு பெரிய வீடு. வாரத்துக்கு ஒரு தேள் வருமாம். மூணு கம்பெனி வந்து வீட்டையே மருந்தில் குளிப்பாட்டிவிட்டுப் போயிருக்கிறது. தேள் நிற்கவில்லை. இவர் போனார். மருந்தைத் தொடவில்லை, வீட்டைச் சுற்றி நடந்தார். பின்பக்கம் ஏசி பைப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. அத்தனை மணலுக்கு நடுவில் கையகலத்துக்கு ஈரம், அதில் நாலு புல் வேறு முளைத்திருக்கிறது.

"அந்தச் சொட்டுத் தண்ணிக்கு ஊர்ல இருக்குற கரப்பான், சில்வண்டு எல்லாம் வந்து உக்காந்திருக்கு. அதத் திங்கத் தேளு வருது. தேள அடிச்சு என்ன பிரயோஜனம்? பைப்ப நீட்டிச் சாக்கடையில விட்டேன். சுவரோரமா கிடந்த கல்லு கட்டய எடுத்துப் போடச் சொன்னேன். கதவுக்கடியில ரப்பர் பட்டை அடிச்சேன். அதோட சரி."

"வீட்டுக்காரங்க என்ன சொன்னாங்க?"

"மருந்தே அடிக்காம போறியே, நீயெல்லாம் ஒரு ஆளான்னு திட்டுனாங்க" என்று சிரித்தார். "பாலைவனத்துல எல்லாமே தண்ணிக்குத்தாம்மா வரும். தண்ணி எங்கன்னு கண்டுபுடிச்சா பாதி வேல முடிஞ்சுது. இங்க எங்க பாத்தாலும் தண்ணி. அதனால நீ எதுக்கு வந்தேன்னு ஒவ்வொருத்தனையும் தனித்தனியா விசாரிக்க வேண்டியிருக்கு."

விசாரணை என்றால் அப்படி ஒரு விசாரணை. உட்லண்ட்ஸில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரு நாள் மழை விட்டதும் றெக்கை முளைத்த பூச்சிகள் விளக்கைச் சுற்றிப் பறந்தன. வீட்டுக்கார ஆன்ட்டி இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பொம்பளை, பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் 'லா' போடுவார், நல்ல மனுஷி, ஆனால் பயந்தாங்கொள்ளி. கரையான் வந்துவிட்டது, சமையலறை அலமாரியை எல்லாம் பெயர்த்து எறியப் போகிறேன் என்று ஒரே அழுகை. நான் குவைத்தண்ணனுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் ரயிலேறி வந்து, தரையில் கிடந்ததை எடுத்து லென்ஸில் பார்த்து, ஆன்ட்டியிடமும் லென்ஸைக் கொடுத்தார்.

"இடுப்பப் பாருங்கம்மா. நடுவுல சிறுத்திருக்கா? முன் றெக்கை பெருசு, பின் றெக்கை சின்னது, தெரியுதா? இது எறும்பு, கல்யாணத்துக்குப் பறக்குது. கரையானுக்கு இடுப்பே கிடையாது, நாலு றெக்கையும் ஒரே அளவா இருக்கும்."

ஆன்ட்டி லென்ஸை எடுக்காமலே சொன்னார்: "எனக்கே இடுப்பு இல்ல, இந்த எறும்புக்கு இருக்கே லா!"

அலமாரி தப்பித்தது. அவர் ஒரு தட்டுப் புட்டு சாப்பிட்டுவிட்டு, வாசலில் ஷூவை டொக் டொக் என்று தட்டிப் போட்டுக்கொண்டு போனார்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. என் கதை அப்படி இல்லை.

எங்கள் முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுப்பார், உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம் தானே கூட்டிப் போவார். அவருக்கு ரெண்டே பலவீனம். ஒன்று, சிங்கப்பூர் ஈரத்தின் மேல் பயம். ஈரம் பட்டால் பட்டு பூஞ்சை பிடிக்கும், ஜரிகை கறுக்கும் என்று மாடி ஸ்டோரில் ராப்பகலாக ஏசி ஓடும். போதாததற்குக் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சித் தொட்டியில் சேர்க்கிற மெஷின் ரெண்டு. அந்தத் தொட்டித் தண்ணீரைக் காலையும் மாலையும் கொட்டுவது என் வேலை. அந்த ரூமில் அரை மணி நின்றால் உதடு வெடிக்கும்.

இன்னொன்று, சால்வை. ரெண்டு மூணு சங்கத்தில் அவர் பொறுப்பில் இருந்தார். வாரக் கடைசியில் எங்கேயாவது ஒரு மேடை, ஒரு மாலை, ஒரு சால்வை. வந்த சால்வை ஒன்றைக்கூடத் தூக்கிப் போட மாட்டார். வீட்டில் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும் என்று எல்லாவற்றையும் மூணு பெரிய சூட்கேஸில் போட்டு, என் ஸ்டோரில் மேல் தட்டில் ஏற்றிவிட்டார். அதை யாரும் தொடக் கூடாது என்று கட்டளை.

அந்த வருஷம் தைக் கல்யாண சீசனில் ஒரு குடும்பம் முகூர்த்தப் பட்டு பார்க்க வந்தது. அரக்குக் கலர் காஞ்சிபுரம் ஒன்றை நான்தான் விரித்தேன். முந்தானைக்குப் பக்கத்தில் ஓட்டை. கடுகு அளவு மூணு ஓட்டை. கல்யாணப் பெண்ணின் அம்மா முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நாங்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். சாயங்காலத்துக்குள் பதினோரு புடவை.

முதலாளியின் மனைவி ஒரு புடவையை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தார். ஓட்டை சரியாகத் தோள்பட்டையில் வந்து நின்றது.

"இது பின்னு குத்துன ஓட்டை" என்றார். "கட்டியிருக்காங்க. கட்டிட்டு மடிச்சு வெச்சிருக்காங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்டோர் சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

நீள வாய்க்காரி நான், ஒரு வார்த்தை வரவில்லை. கடைச் சரக்கை எடுத்துக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கட்டிக்கொண்டு போய்விட்டு, திருட்டுத்தனமாகத் திரும்ப வைத்தவள் என்று ஆகிவிட்டது. முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "திங்கக்கிழமை உங்க வேலை பாஸைக் கேன்சல் பண்ணிடறேன். ஊருக்குப் போயிடுங்க. வெளிய யாருக்கும் சொல்ல மாட்டேன் லா" என்று தணிந்த குரலில் சொன்னார். வெளியே சொல்ல மாட்டாராம்! கடையில் பதினாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பட்டுக்கோட்டைக்கு என்னை முந்திக்கொண்டு சேதி போய்விடும். சிங்கப்பூர்ல புடவையைக் களவாண்டு கட்டினவள் என்ற பெயரோடு நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊரில் இறங்குவது? வேலை போனால் வேறு வேலை. பெயர் போனால்?

அது வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை குவைத்தண்ணன் வருகிற முறை.

பேன்ட்ரியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். டேங்கை இறக்கிவிட்டு, "என்னம்மா?" என்றார். அவர் மேலும் எரிந்து விழுந்தேன். உங்க வேலையப் பாத்துட்டுப் போங்கண்ணே, கரப்பான் அங்க இருக்கு என்றேன். போகவில்லை. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். கேட்டுக் கேட்டு முழுக் கதையையும் வாங்கிவிட்டார்.

அப்புறம் சொன்னார்:

"குவைத்துக்குப் போன புதுசுல ஒரு வீட்டுக்குப் போனேன். பிள்ளைங்க உடம்பெல்லாம் கடி. வேலைக்கு இருந்த பொண்ணு மூட்டைப்பூச்சி கொண்டாந்துட்டான்னு வீட்டம்மா சொன்னாங்க. நானும் கட்டில்ல ஒரு பார்வை பாத்துட்டு, ஆமா மூட்டைப்பூச்சிதான்னு தலையாட்டிட்டேன். மருந்து அடிச்சேன், வந்துட்டேன். அந்தப் பொண்ண அன்னைக்கே அனுப்பிட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்பக் கடின்னு கூப்புட்டாங்க. ஏசி பெட்டிக்கு மேல ஏறிப் பாக்குறேன், புறாக்கூடு. அதுல இருந்த உண்ணிம்மா. அந்தப் பொண்ணு பொட்டியத் தூக்கிட்டுப் போனத நான் கண்ணால பாத்தேன். பாத்துட்டும் சும்மா நின்னேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஓட்டையக் காட்டுங்க" என்றார்.

முதலாளி விடவில்லை. "உங்களுக்குப் பேன்ட்ரியும் பின்சந்தும்தான் லா காண்ட்ராக்ட். இது எங்க கடை விஷயம்" என்றார்.

"ஒரு மணி நேரம் குடுங்க முதலாளி. பூச்சி இல்லன்னா நானே தப்புன்னு எழுதிக் குடுக்குறேன். ஷூவுல பாக்காம காலயும் விடக் கூடாது, மனுஷங்க மேல பாக்காம வார்த்தையும் விடக் கூடாது."

முதலாளியின் முகம் சிவந்தது. அவர் மனைவிதான், "பாக்கட்டுமே, அதுல என்ன?" என்றார். நாங்கள் நாலு பேரும் மாடி ஏறினோம்.

ஸ்டோர் கதவைத் திறந்ததும் குவைத்தண்ணன் உள்ளே போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உதட்டை நாக்கால் தடவினார்.

"அட, குவைத்துக்கே திரும்பி வந்த மாதிரில்ல இருக்கு" என்றார். "முதலாளி, சிங்கப்பூருக்கு நடுவுல ஒரு பாலைவனத்த வெச்சிருக்கீங்களே!"

அரக்குப் புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து லென்ஸை வைத்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு முதலாளியின் மனைவியிடம் ஒரு ஊக்கு கேட்டு வாங்கினார். சும்மா கிடந்த பட்டுத் துண்டு ஒன்றில் குத்தி எடுத்தார். அந்த ஓட்டையையும் புடவை ஓட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸை நீட்டினார்.

"பாருங்கம்மா. பின்னு குத்துனா நூலு விலகும். அறுந்தாலும் அங்கயேதான் கிடக்கும். இங்க பாருங்க, நூலே இல்ல. ஓட்டையச் சுத்தி நுனியெல்லாம் மேய்ஞ்ச மாதிரி இருக்கு. ஜரிகைய மட்டும் விட்டுட்டுச் சுத்திப் போயிருக்கு. பின்னுக்கு ஜரிகை எது பட்டு எதுன்னு தெரியுமா? இது வாயி. எவனோ தின்னுருக்கான்."

எனக்கு அழுகை வந்தது, ஆனால் வேறு அழுகை.

"சில்வர்ஃபிஷ்" என்றார் முதலாளி அவசரமாக. "சிங்கப்பூர் ஈரத்துக்கு அதுதான் லா வரும்."

"ஈரத்துக்கு வரும். இங்க ஈரம் எங்க? நீங்கதான் உறிஞ்சித் தொட்டியில ஊத்திட்டீங்களே. அவன் வந்திருந்தா கஞ்சி போட்ட காட்டனத்தான் முதல்ல நக்கியிருப்பான். அந்தத் தட்டுல இருக்குற காட்டன் புடவைய எவனும் தொடல. பாலைவனத்துலயும் பொழைக்கிறவன், பட்டு திங்கிறவன்." தனக்குத்தானே பேசிக்கொண்டு ஜன்னல் விளிம்பைத் தடவினார். டேப்பை ஒற்றி எடுத்துக் காட்டினார். பொட்டு அளவுக்கு உருண்டையாக நாலைந்து வண்டுகள், முதுகெல்லாம் பழுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி.

"வாங்க தம்பி! குவைத்துல ஒரு கம்பளம் விடாம பாத்த மூஞ்சி" என்றார். "முதலாளி, இவன் பட்டுக்காக வந்தவன் இல்ல. பட்டு இவனுக்குப் பலகாரம். சோறு வேற எங்கயோ வெச்சிருக்கீங்க. கம்பளி எதாவது உண்டா?"

நான் மேல் தட்டைப் பார்த்தேன். முதலாளியும் பார்த்தார்.

"அதத் தொடாதீங்க!" என்றார் முதலாளி. "அது என் சால்வை."

"எறக்குங்க" என்றார் அவர் மனைவி.

மூணு சூட்கேஸையும் இறக்கினோம். முதல் ரெண்டிலும் சால்வைகள் வாங்கினபடிக்குப் புத்தம் புதுசாக இருந்தன. முதலாளி மூச்சு விட்டார். மூணாவதைத் திறந்தோம். மேலே பத்துப் பன்னிரண்டு நன்றாக இருந்தன. அதற்கு அடியில் ஒரு சாம்பல் நிறச் சால்வையை அண்ணன் ரெண்டு விரலால் தூக்கினார். தூக்கின இடம் கையோடு வந்தது, மீதி பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே முடி முடியாகப் பழுப்புப் புழுக்கள் நெளிந்தன. அதுகள் கழற்றிப் போட்ட காலிச் சட்டைகள் உமி மாதிரி கொட்டின. சால்வை மடிப்புக்குள் காய்ந்த மாலை ஒன்று, நாரோடு.

"மாலையோட சேத்துச் சுருட்டிக் கொண்டாந்தீங்களா?"

"ஆமா... மேடையிலேர்ந்து அப்படியே..."

"வளந்த வண்டு பூவுலதான் மேயும். மாலையோட ஏறி வந்திருப்பான். வந்து பாத்தா கம்பளி மெத்தை. முட்டை வெச்சுட்டான். பிள்ளைங்க வளந்து கம்பளி தீந்ததும் கீழ பட்டுக்கு எறங்கியிருக்கு."

முதலாளியின் மனைவி என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி மட்டும் சூட்கேஸுக்கு முன்னால் உட்கார்ந்து, கெடாத சால்வைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "இதெல்லாம் ஒண்ணும் ஆகலையே. இதுவும் காஷ்மீர்தான், இதுவும் காஷ்மீர்தான்" என்றார் ஆறுதலாக.

அண்ணன் ஒரு சால்வையை வாங்கி விரலால் தேய்த்தார். தயங்கினார். மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது.

"முதலாளி, தப்பா நினைக்காதீங்க. இதெல்லாம் நைலான். அதான் தொடல. மூணு பொட்டியிலயும் சேத்து அசல் கம்பளி இது ஒண்ணுதான்."

"காஷ்மீர்னு மைக்ல சொன்னாங்க லா!"

"மைக்குக்குத் தெரியாது முதலாளி. புழுவுக்குத் தெரியும்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். முந்தின நாளிலிருந்து அழுதுகொண்டிருந்தவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு பீறிட்டு வந்தது. ஆனால் அடக்க முடியாமல் சிரித்தது நான் இல்லை, முதலாளியின் மனைவி. ஜன்னலைப் பார்த்தபடியே அவர் தோள் குலுங்கிற்று.

அதற்குப் பிறகு நடந்தது வேலை. சூட்கேஸையும் கம்பளியையும் கறுப்புப் பையில் போட்டு இறுகக் கட்டி அன்றைக்கே வெளியேற்றினோம். தட்டு இடுக்கு, சுவர் இடுக்கு, ஏசி வாய் எல்லாம் வேக்குவம் போட்டு உறிஞ்சினோம். புடவை மேல் ஒரு சொட்டு மருந்து படக் கூடாது, கறை விழும் என்று சொல்லிவிட்டார். குவைத்தாக இருந்தால் வெயிலில் காய வைத்தே கொன்றுவிடலாம், இங்கே வெயிலை நம்ப முடியாது, குளிரில்தான் கொல்ல வேண்டும் என்றார். பட்டுப்புடவைகளையெல்லாம் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ரெண்டு வாரம் ஃபிரீசரில் வைக்க வேண்டும். தெரிந்த கடை ஒன்றில் பெரிய ஃபிரீசர் இருந்தது, ஆனால் அது முழுக்க ஆட்டிறைச்சி. முதலாளி சுத்த சைவம். "முகூர்த்தப் பட்ட மட்டன் பக்கத்துல வெக்கிறதா!" என்று துடித்துப்போனார். கடைசியில் ஜாலான் புசார் பக்கம் ஃபுரோசன் பரோட்டா வைத்திருந்த ஒருவர் இடம் கொடுத்தார். காஞ்சிபுரமும் ஆரணியும் பரோட்டாவோடு பரோட்டாவாக ரெண்டு வாரம் படுத்துக் கிடந்தன. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, குளிர் விட்ட பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று அண்ணன் எனக்குப் பத்துத் தடவை சொன்னார். வாராவாரம் ஜன்னல் விளிம்பில் டேப்பை ஒற்றிப் பார்த்தோம். ஒரு மாதம் கழித்து டேப்பில் வெறும் தூசிதான் இருந்தது.

திங்கட்கிழமை என் பாஸ் கேன்சல் ஆகவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பழியைப் பதினாலு பேர் முன்னால் போட்டார்கள். எடுக்கும்போது ஒருத்தர் முன்னால்கூட எடுக்க மாட்டார்களா? அடுத்த மாதம் அண்ணன் வந்தபோது இதைத்தான் புலம்பினேன். அவர் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு முதலாளி எல்லோரையும் கீழே கூப்பிட்டார். கையில் ஒரு சால்வை. பாவம், அவருக்கு நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் தெரிந்த வழி அது ஒன்றுதான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இவர் நம் கடையைக் காப்பாற்றியவர், அது இது என்று மேடைத் தமிழில் கொஞ்சம் பேசிவிட்டு, சால்வையை விரித்துக்கொண்டு குவைத்தண்ணனை நோக்கி வந்தார்.

அண்ணன் ஒரு அடி பின்னால் நகர்ந்துவிட்டார்.

"எனக்கு எதுக்கு முதலாளி? நான் சம்பளத்துக்குப் பூச்சி பாத்தவன். பழி சுமந்தது அவங்க."

முதலாளி விரித்த சால்வையோடு நடுவில் நின்றார். அதை மடிக்கவும் முடியவில்லை. அப்போது அவர் மனைவி கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். சால்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு பேருமாக வந்து என் தோளில் போர்த்தினார்கள்.

"நான்தான் பின்னுன்னு சொன்னேன்" என்றார் அந்த அம்மா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "பாக்காம சொல்லிட்டேன். நீ அந்தப் புடவையத் தொட்டுக் கட்டல. என்ன மன்னிச்சிரு."

நான் நிமிர்ந்து நின்றேன். பதினாலு பேரையும் ஒவ்வொருத்தராகப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிற்று, ஆனால் வாய் திரும்பி வந்துவிட்டது.

"அண்ணே" என்றேன். "கம்பளியா நைலானான்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் சிரிக்காமல் கிட்டே வந்தார். பையிலிருந்து லென்ஸை எடுத்தார். சால்வை ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, நிதானமாகப் பார்த்து, விரலால் தேய்த்தும் பார்த்தார். முதலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நைலான்மா" என்றார். "நல்லதாப் போச்சு. எந்தப் பூச்சியும் கிட்ட வராது. தைரியமா வெச்சுக்குங்க."

முதலில் சிரித்தது முதலாளிதான். அவர் சிரித்ததும் கடை முழுக்கச் சிரித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அண்ணன் டேங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு படிக்குக் கீழே போனார். சால்வையோடு நின்ற எனக்கு டொக் டொக் கேட்டது. ரெண்டாவது ஷூவுக்கும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்.